அடைத்த கார் கொட்டகைக்குக் காற்று வழி



தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன நம்மவர்கள், போன சில வருடத்துக்குள் தவறாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. வீட்டின் முன்னால் இருக்கும் கார் கொட்டகையை, நாம் 'போர்ச்' என்று சொல்கிறோமே அதை, சுற்றி அடைத்துவிடுவார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று அறை வீட்டில் மூன்று தலைமுறை இருக்க வேண்டியிருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. அவனுக்கு ஓர் அறை. பிள்ளைகளுக்கு ஓர் அறை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து வந்த பாட்டியை எங்கே படுக்க வைப்பது? மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்த பையன் எங்கே உட்கார்ந்து வேலை செய்வான்? தையல் மிஷினை எங்கே போடுவது? எல்லாவற்றுக்கும் அந்தக் கொட்டகைதான் பதில்.

அடைத்த முதல் மாதமே சூடு தாங்காது. மேலே தகரம், முன்னால் இரும்பு ஷட்டர். யாராவது ஒருவர், "இன்சுலேஷன் போடுங்க, ஜில்லுன்னு இருக்கும்" என்று சொல்வார். கடன் வாங்கியாவது அலுமினியத் தாள், பஞ்சு, அதற்குக் கீழே பிளாஸ்டர் சீலிங் என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "என்னா டிரசர், இவ்வளவு காசு போட்டும் ராத்திரியில இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரி இருக்கே?" என்று கேட்கிறார்கள்.

கொத்தனாரிடம் கேட்க வேண்டியதை டிரசரிடம் ஏன் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த அறையில் படுப்பவர்கள்தான் கிளினிக்குக்கு வருகிறார்கள். உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி தூக்கமில்லை, காலையில் எழுந்ததும் தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. மாத்திரை கொடுத்து அனுப்பலாம். ஆனால் திரும்ப அதே அறைக்குத்தானே போகிறார்கள்? ஆகவே இந்த மாதம் மாத்திரைப் பேச்சை ஒதுக்கிவிட்டு, அடைத்த கொட்டகைக்குள் காற்று எப்படி வர வேண்டும், சூடு எப்படி வெளியேற வேண்டும் என்று பார்ப்போம்.

பிளாஸ்க்கில் ஊற்றிய தேநீர்

பால் வெட்டப் போகும்போது பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோன பழக்கம் நமக்கு உண்டு. விடியுமுன் ஊற்றியதைப் பத்து மணிக்குத் திறந்தாலும் ஆவி பறக்கும். பிளாஸ்க் தேநீரைச் சூடாக்கவில்லை. உள்ளே இருந்த சூட்டை வெளியே போக விடவில்லை, அவ்வளவுதான். அதே பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் குளிர்ச்சியையும் காப்பாற்றும். இன்சுலேஷன் செய்கிற வேலையும் இதேதான். அதற்கு உள், வெளி தெரியாது. எந்தப் பக்கமிருந்து சூடு வந்தாலும் அதன் வேகத்தைக் குறைக்கும்.

பகலில் கூரை வழியாக இறங்கும் வெயிலைத் தடுக்கிறது. மிகவும் சரி. ஆனால் அறைக்குள்ளேயே பிறக்கிற சூட்டை என்ன செய்யும்? பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். இப்போதுதான் ஓட்டிவந்து உள்ளே விட்ட காரின் என்ஜின் ஆறுவதற்கு வெகு நேரம் ஆகும். அந்தச் சூடு முழுவதும் அறைக்குத்தான். இடமிருக்கிறதே என்று மீன், இறைச்சி வைக்கிற பெரிய ஐஸ் பெட்டியை அங்கே போடுகிறோம். அது தன் வயிற்றிலிருந்து எடுத்த சூட்டையும், தான் தின்கிற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துப் பின்பக்கமாக அறைக்குள் தள்ளுகிறது. தையல்காரத் தங்கச்சியின் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்டுக்கு மேல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளே ஏறக்குறைய 100 வாட் பல்பு விடுகிற அளவுக்குச் சூடு விடுகிறார். நாலு பேர் படுத்தால் நாலு பல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில்தான் இது நன்றாகத் தெரியும். வெளியே மழை பெய்து ஓய்ந்து, விடியற்காலை 24, 25 டிகிரிக்கு இறங்கியிருக்கும். வெறும் தகரக் கூரையாக இருந்தால் பகலில் நெருப்பாகக் கொதித்தாலும் இரவில் சீக்கிரம் ஆறிவிடும். இன்சுலேஷன் போட்ட அறை ஆறாது; சுவரும் சிமெண்டுத் தரையும் பகலெல்லாம் குடித்த சூட்டை நடுச்சாமம் வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு போவதற்கு வழி இல்லை. இட்லிப் பானை என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார்.

அதற்காக இன்சுலேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது சூட்டைத் தடுக்கும், காற்றைக் கொண்டுவராது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றுக்குச் செலவு செய்துவிட்டு மற்றொன்றும் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் நமக்குள்ள கோளாறு.

நம் பெரியவர்கள் இருந்த அத்தாப்புக் குடிசையை நினைத்துப் பாருங்கள். பழைய லயங்களிலும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்டது, அவர்கள் வீட்டுக் கருவாட்டு வாசமும் வந்தது. வசதிக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சூடும் அதே வழியாகத்தான் போயிற்று.

கீழே நுழையட்டும், மேலே போகட்டும்

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். குளிர்ந்த காற்று கனமானது; தாழ இருக்கும். ஆகவே அறைக்கு இரண்டு வாசல் வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒன்று, காற்று நுழைய. கூரையை ஒட்டி ஒன்று, சூடு வெளியேற. இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாக இழுக்கும். மேல் வாசல் கீழ் வாசலைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் வைத்தால் போதாது. போத்தலைக் கவிழ்த்தால் தண்ணீர் 'களுக் களுக்' என்று திணறி விழுகிறதல்லவா? காற்று உள்ளே போக வழியில்லாமல் தண்ணீர் வெளியே வராது. அறையும் அப்படித்தான்.

சொல்வது எளிது, நம் வீட்டில் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாமான் வீடு வரிசை வீடு. நடு வீட்டுக்காரருக்கு இடது பக்கமும் வலது பக்கமும் அண்டை வீட்டார், பின்னால் தன் வீட்டு ஹால். கொட்டகைக்கு வெளிக்காற்று படுகிற பக்கம் முன்பக்கமும் கூரையும் மட்டும்தான். அந்த முன்பக்கத்தையும் ஷட்டர் போட்டு மூடிவிட்டால்? கொட்டகை மட்டுமல்ல, ஹாலும் செத்தது. ஏனென்றால் ஹால் ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்துத்தான் திறக்கிறது. முன்பு ஜன்னல் வழியாக வந்த காற்று இப்போது வராது. கொட்டகையை அடைத்தபின் "வீடே சூடாயிருச்சு" என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான்.

நடு வீட்டுக்காரர் செய்யக் கூடியது இது. ஷட்டரின் கீழ்ப்பகுதி ஓர் அடி உயரத்துக்கு ஓட்டை உள்ள பட்டைகளாக இருக்கும்படி கடையில் சொல்லிச் செய்யலாம். அல்லது ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் தரையை ஒட்டி ஓட்டைக் கற்கள் வைக்கலாம். ஷட்டருக்கு மேலே, கூரைக்கு அடியில், நீளமாக ஒரு கம்பித் திறப்பு. மழைச்சாரல் அடிக்காதபடி சாய்வான பட்டை வைத்தால் போதும். கூரை உங்கள் சொந்தத் தகரக் கூரை என்றால், தொழிற்சாலைக் கூரைகளில் சுற்றுமே அந்த உருண்டைக் காற்றுப்போக்கி, அதை ஒன்று வைக்கலாம். மின்சாரம் வேண்டாம், காற்றடித்தாலும் சுற்றும், உள்ளிருந்து சூடு ஏறினாலும் சுற்றும். காற்றே அசையாத நாளில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பொருத்தும்போது ஓட்டையைச் சுற்றி ஒழுகாமல் அடைப்பதுதான் முக்கியம். பஞ்சு நனைந்தால் அதன் வேலையும் போயிற்று, பூஞ்சையும் பிடிக்கும்.

முனை வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர். பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு திறப்பு வேண்டும்? இந்த நாட்டில் 1984-ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட விதிகள் ஒரு கணக்குச் சொல்லுகின்றன. மனிதர் வசிக்கும் அறைக்குத் தரைப் பரப்பில் நூற்றுக்குப் 10 பங்குக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும். தடையில்லாமல் காற்றுப் போகக்கூடிய திறப்பு நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையக் கூடாது. பத்தடிக்குப் பதினெட்டடி கொட்டகை என்றால் 180 சதுர அடி. ஆக 18 சதுர அடி ஜன்னல், அதில் காற்றுக்கு 9 சதுர அடி. ஒரு சாதாரணக் கதவின் பாதி அளவு. பெரிய விஷயமா? இல்லை. ஆனாலும் நான் பார்த்த அடைத்த கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு கைக்குட்டை அளவுத் திறப்புகூட இல்லை. கட்டுவதற்கு முன் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். "கேட்டா விடமாட்டான் டிரசர்" என்பார்கள். விடாததற்குக் காற்றுதான் காரணமாக இருந்தால்?

சாம்பிராணிச் சோதனை

உங்கள் அறையில் காற்று நடமாடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம். பெட்ரோல் டின், தின்னர், கேஸ் தோம்பு எதுவும் உள்ளே இல்லையென்று பார்த்துக்கொண்டு, நடு அறையில் ஓர் ஊதுபத்தியோ சாம்பிராணியோ ஏற்றி வையுங்கள். காத்தாடியை நிறுத்திவிடுங்கள். புகை மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியே போனால் காற்றுக்கு வழி இருக்கிறது. மேலே போய் மேகம் மாதிரி சீலிங்கில் தங்கி, மெள்ளக் கீழே இறங்கினால் வழி இல்லை. உங்கள் மூச்சும் சூடும் அந்தப் புகை மாதிரியேதான் தங்குகின்றன.

வழி போதாவிட்டால் வெளியே தள்ளும் காத்தாடி, அதாவது எக்ஸாஸ்ட் பேன், போடலாம். அதை உயரத்தில், காற்று நுழையும் திறப்புக்கு எதிர் மூலையில் வைக்க வேண்டும். நுழைவு வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் வந்த காற்றை அப்படியே பிடித்து வெளியே தள்ளும். அறையின் மறுகோடி கிணறாகக் கிடக்கும். வாங்கும்போது பெட்டியில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பத்தடி, பதினெட்டடி, பத்தடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 1,800 கன அடி. காத்தாடி நிமிடத்துக்கு 300 கன அடி தள்ளினால் ஆறு நிமிடத்தில் அறைக் காற்று ஒரு முறை மாறும். மணிக்குப் பத்து முறை. படுக்கிற அறைக்கு இது தாராளம். வலையும் பட்டையும் வைத்தால் தள்ளும் அளவு குறையும். ஆகவே ஒரு சுற்றுப் பெரியதாக வாங்குவது நல்லது. நுழைவு வாசல் இல்லாமல் இதைப் போட்டுப் பயனில்லை, சத்தம்தான் வரும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காற்றோட்டம் அறையை வெளியே உள்ள சூட்டுக்குக் கொண்டுவரும். அதற்குக் கீழே கொண்டுவராது. வெளியே நிழலில் 34 டிகிரி என்றால் உள்ளேயும் 34 தான். ஆகவே இன்சுலேஷன் போட்ட அறைக்கு நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். பொழுது சாய்ந்து வெளியே ஆறியதும் எல்லாவற்றையும் திறந்து, காத்தாடியையும் போட்டு, விடியும்வரை குளிர்ந்த காற்றை ஓட விடுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறத் தொடங்கியதும் வெயில் பக்கத்துத் திறப்புகளைக் குறையுங்கள். ஆள் இருந்தால் முழுக்க அடைக்க வேண்டாம். இரவில் ஆறிய சுவர் பகலில் பாதி நேரத்துக்குக் கைகொடுக்கும். பிளாஸ்க்கில் இப்போது ஐஸ் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்.

சீலிங் காத்தாடி சூட்டைக் குறைப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது. வெயில் ஏறி அறையே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் காத்தாடி உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவரும். அப்போது அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தண்ணீர் ஊற்றும் 'ஏர் கூலர்' ஒன்றைப் பசார் மாலாமில் கூவி விற்கிறார்கள். வறண்ட தேசத்துக்கு அது நல்ல சாமான். நம் ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அடைத்த அறையில் மேலும் ஈரத்தை ஏற்றினால் வியர்வை உலராது, புழுக்கம்தான் கூடும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கொடுத்தாயிற்று. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஏர்கோன் போட வசதி உள்ளவர்கள் போடலாம். இன்சுலேஷன் உண்மையாகப் பயன்படுவது அங்கேதான். குளிர்ச்சி சீக்கிரம் போகாது, மின் கட்டணமும் குறையும். ஆனால் சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. நாலு பேர் படுக்கும் சிறிய அறையில் ஒரு சின்னத் திறப்பாவது விட்டு வையுங்கள். சக்கரம் வைத்த நகர்த்தும் ஏர்கோன் வாங்கியவர்கள் அதன் பருமனான குழாயை வீட்டுக்கு வெளியே விட வேண்டும். குழாயை அறைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டு, "சூடா காத்து வருது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர் ஒருவர் எனக்குத் தெரியும்.

என்ஜின் ஓடக் கூடாத இடம்

இதுவரை சொன்னது சௌகரியத்தைப் பற்றி. இனிச் சொல்வது உயிரைப் பற்றி. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

விடியற்காலை பெரட்டுக்குப் போக வேண்டும். மழை தூறுகிறது. மோட்டார் சைக்கிள் அடைத்த கொட்டகைக்குள் நிற்கிறது. "சும்மா அஞ்சு நிமிஷம் சூடாவட்டும்" என்று ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் எடுக்க உள்ளே போகிறோம். ஷட்டர் பாதி மூடியிருக்கிறது. அதே கொட்டகையில் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் பாட்டி படுத்திருக்கிறாள்.

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. நாம் மூச்சில் விடும் கரியமில வாயு வேறு, இது வேறு. இதற்கு நிறமில்லை, வாசமில்லை, கண்ணும் எரியாது. புகை நாற்றம் அடித்தால் அது மற்றப் பொருள்களின் நாற்றம். நாற்றம் இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் என்ற பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்பாக இது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் சுலபத்தில் விடாது. பஸ்ஸில் எல்லா இடத்திலும் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால் நாம் ஏற முடியாதல்லவா, அதுபோலப் பிராணவாயு வெளியே நிற்க வேண்டியதுதான். மூளையும் இருதயமும் திணறும்.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், சோர்வு. காய்ச்சல் வரப்போகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுப்பதுதான் ஆபத்து. தூக்கம் மாதிரி மயக்கம் வரும். எழுந்திருக்க வேண்டும் என்ற நினைப்பே வராது. அடைத்த இடத்தில் என்ஜின் ஓடினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான அளவு சேர்ந்துவிடும். இன்சுலேஷனுக்காகச் சந்து பொந்தெல்லாம் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்த அறையில் இன்னும் வேகமாகச் சேரும். பழைய ஓட்டைக் கொட்டகையில் தப்பித்தவர்கள் புதிய அறையில் தப்ப மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள், சின்னப் பிள்ளைகள், இருதய நோய் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவே கெடுதல் செய்யும்.

உங்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிறது, திரும்ப உள்ளே போனால் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். எல்லாரையும் வெளியே கூட்டிவந்து 999-க்குக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க ஓடும்போது முதலில் ஷட்டரைத் திறந்துவிட்டு ஓடுங்கள். தூக்கப் போனவர் பக்கத்திலேயே விழுவது உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டிய மருந்து முழுப் பிராணவாயு. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மீட்டரை மாட்டிப் பார்த்து "98 காட்டுது, ஒண்ணும் இல்ல" என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு இந்த வாயுவுக்கும் பிராணவாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. நச்சு ஏறியவருக்கும் நல்ல எண்ணையே காட்டும்.

எக்ஸாஸ்ட் பேன் இருக்கிறதே, ஷட்டரைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்ற பேச்சு வேண்டாம். வண்டியை வெளியே தள்ளி, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். மழையென்றால் மழைச்சட்டை போடுங்கள். சமையல் கட்டில் புகை இழுக்கும் பேன் ஓடினால் கொட்டகைக் காற்று வீட்டுக்குள்தான் இழுபடும். ஆகவே கொட்டகைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள கதவு இறுக மூடும் கதவாக இருக்கட்டும். வெள்ளக் காலத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களும், கரி அடுப்பில் சாத்தே வாட்டுபவர்களும் இதையெல்லாம் வெளியேதான் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பேட்டரியில் ஓடும் சின்னச் சாமான். கொட்டகையில் படுக்கை உள்ளவர்கள் வாங்கி வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

பெட்ரோல் ஆவியும் கேஸ் தோம்பு வாயுவும் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். கீழ்த் திறப்பு வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். புல் வெட்டும் மிஷினுக்கு வாங்கிய பெட்ரோல், தின்னர், களைக்கொல்லி இவற்றைப் படுக்கிற அறையில் வைக்க வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் கிடந்தால் உடனே விவசாய இலாகாவில் கேட்டு ஒழித்துக்கட்டுங்கள். சோடா போத்தலில் மாற்றி வைத்திருப்பவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சூடு தாக்கினால்

மலேசியாவில் பதிவான மிக அதிகமான வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில். 2016 ஏப்ரலில் வெயில் காரணமாகப் பெர்லிஸ், கெடா பள்ளிக்கூடங்களை மூட வேண்டியிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு எட்டினாலே வானிலை இலாகா முதல் எச்சரிக்கை விடுக்கிறது. இதெல்லாம் நிழலில் அளந்த கணக்கு. அடைத்த தகரக் கொட்டகைக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டில் உயரத்தில் தொங்கவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பாருங்கள்.

வயதானவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைவு. பாட்டி "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் சொல்லுவாள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், மது குடிப்பவர்கள் இவர்களையும் சூடு சீக்கிரம் தாக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். என்னிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. 999-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். காற்றுள்ள நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குள், கழுத்து, தொடைச் சந்துகளில் ஐஸ் பொட்டலம் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. தைலம் தேய்ப்பதும் வேண்டாம்.

காசுக் கணக்கு

முதல் செலவு நிழலுக்கு. மேற்கு பார்த்த ஷட்டர் மாலையில் அடுப்புத் தட்டு மாதிரி ஆகும். அதற்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ, பந்தலில் அவரைக் கொடியோ இருந்தால் இரும்பில் வெயிலே படாது. அடுத்து, தகரத்துக்கு வெள்ளைச் சாயம். அதற்குப் பிறகு மேல், கீழ்த் திறப்புகள். இவ்வளவும் செய்த பிறகு இன்சுலேஷன், கடைசியில் ஏர்கோன். நம்மவர்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்!

அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கம் ஓர் அங்குலமாவது வெற்றிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எதனோடாவது ஒட்டிவிட்டால் அது வெறும் தகடு; சூட்டைக் கடத்தும். மின் கம்பி மேல் படும்படி தாளை அடிக்காதீர்கள். கண்ணாடிப் பஞ்சைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் வேண்டும். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளை போடவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் கொண்டுவரும்.

இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள், சுவரையோ கூரையையோ நீங்களாக வெட்டாதீர்கள், வீடு நிர்வாகத்துடையது. 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் இருக்கிறது. தெர்மாமீட்டரில் பார்த்த கணக்கைத் தேதி போட்டு ஒரு வாரம் எழுதி வைத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். "ரொம்ப சூடா இருக்கு" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

கொசு வருமே என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. திறப்புகளுக்கு வலை அடியுங்கள். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும்; ஆகவே திறப்பை அந்த அளவுக்குப் பெரியதாக வையுங்கள். சாலைத் தூசும் ஒட்டடையும் சேர்ந்து நாலைந்து மாதத்தில் வலை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள்.